அண்டை வீட்டுச் சாட்சி

சரியாகச் சொன்னவர்களுக்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. பரிசு உண்டு, பத்திரிகையில் படம் உண்டு, பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாராவும் உண்டு. தப்பாகச் சொன்னவர்களை யார் நினைக்கிறார்கள்? கதை எழுதுகிறவனுக்கோ, தப்பாகச் சொன்னவர்கள் மீதுதான் எப்போதும் ஒரு கண். அதிலும் கெட்டிக்காரத்தனமாகத் தப்புச் செய்தவர்கள் அகப்பட்டுவிட்டால் விட மனசு வருவதில்லை.

2002-ஆம் ஆண்டில் அப்படி ஒரு தப்பு நேர்ந்தது. செய்தவர்கள் அந்த வித்தையில் உலகத்திலேயே கைதேர்ந்தவர்கள். அவர்கள் கூட்டி வந்து நிறுத்திய சாட்சிகளில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. தீர்ப்பு மட்டும் பிசகிவிட்டது. நாலு வருஷம் கழித்து அவர்களே எழுந்து நின்று அதைத் திருத்திக்கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

வித்தை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா என்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் பிறவிச் சுவடிகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, அவற்றின் உடம்பிலுள்ள புரதங்களுக்கு என்ன உத்தியோகம் என்று கண்டுபிடிப்பது. இதில் என்ன சுவாரஸ்யம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள நாம் படுகிற பாட்டுக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

1995-இல் அமெரிக்காவில், மேரிலாந்து மாகாணத்தைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தார், ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே என்ற பாக்டீரியாவின் சுவடி முழுவதையும் எழுத்து விடாமல் படித்து வெளியிட்டார்கள். தன் காலில் தானே நின்று வாழும் ஓர் உயிரின் ஜீனோம் முழுக்கப் படிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. இந்தப் பாக்டீரியாவின் பெயரே ஒரு தப்பின் ஞாபகச் சின்னம். 1892-இல் ஜெர்மானிய விஞ்ஞானி பைஃபர், இன்ஃப்ளுயன்ஸா ஜுரத்துக்கு இதுவே காரணம் என்று நம்பினார். அந்த ஜுரம் வைரஸால் வருவது என்று 1933-இல் தெரிந்தது. ஆனால் பாவம், பழி சுமந்த பாக்டீரியாவுக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான பிள்ளையார் சுழி கிடைக்காது.

டி.என்.ஏ. என்பது நாலே எழுத்துக் கொண்ட மொழி. மேற்படி சுவடியில் 18 லட்சத்து 30 ஆயிரம் எழுத்துக்கள் இருந்தன. அவற்றில் 1,743 மரபணுக்கள் தென்பட்டன. ஒவ்வொரு மரபணுவும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. உடம்பில் நடக்கிற அத்தனை காரியத்தையும் செய்கிறவை புரதங்கள்தாம்: சமைப்பது, சுமப்பது, வெட்டுவது, ஒட்டுவது, காவல் இருப்பது எல்லாம். சுவடியைப் படித்தாயிற்று. ஆனால் அதிலிருந்த மரபணுக்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு என்ன வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை! 1997-இல் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் சுவடி வெளிவந்தது. அது நம் குடலில் வசிப்பது. பல தலைமுறை விஞ்ஞானிகள் அதையே வளர்த்து, அதையே அறுத்து, அதிலேயே பட்டம் வாங்கியவர்கள். அதன் 4,288 மரபணுக்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மர்மமாகவே நின்றது. ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்த பிறகு, திறக்காத அறைகள் அத்தனை இருக்கின்றன என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

ஒரு புரதத்தின் வேலையை அறியப் பழைய வழி ஒன்று உண்டு. அதன் மரபணுவைக் கெடுத்துவிட்டு, எந்தக் காரியம் நின்றுபோகிறது என்று பார்ப்பது. நல்ல வழி. ஆனால் ஒரு மாணவனின் இளமையில் சில வருஷங்களை ஒரு புரதம் விழுங்கிவிடும். ஆயிரக்கணக்கான மர்மங்களுக்கு ஆயிரக்கணக்கான இளமைகளுக்கு எங்கே போவது?

ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்து ஊகிக்கும் வித்தை பிறந்தது. முதலாவது, ஜாடை பார்ப்பது. முன்பின் தெரியாத பையன் ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். அந்த மூக்கையும் காதையும் பார்த்தவுடனே பாட்டி, "நீ இன்னார் பேரன்தானே?" என்று கேட்கிறாள். 1990-இல் வெளிவந்த பிளாஸ்ட் என்ற கம்ப்யூட்டர் திட்டம் அந்தப் பாட்டியைப் போன்றது. ஒரு வரிசையைக் கொடுத்தால், அதுவரை சேகரித்த வரிசைகளையெல்லாம் துழாவி, அதன் உறவுக்காரர்களைச் சொல்லிவிடும். தாத்தா வைத்தியர் என்றால் பேரனும் வைத்தியத்துக்குப் பக்கத்தில் ஏதோ செய்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த "ஏதோ" என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஜாடை காட்டாத புரதங்களுக்கு அண்டை வீட்டாரைக் கேட்க வேண்டியதுதான். ஒரே காரியத்துக்கு வேண்டிய மரபணுக்களைப் பாக்டீரியாக்கள் பல சமயம் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வைத்துக்கொள்கின்றன. பாரிஸ் நகரில் ஜேகபும் மோனோவும் 1961-வாக்கில் இதை விளக்கினார்கள். தட்டாரத் தெருவில் தட்டார்களும் குயவர் தெருவில் குயவர்களும் இருப்பது போல. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மரபணுக்களின் வரிசை சீட்டுக் கட்டைக் கலைத்த மாதிரி கலைந்துபோகிறது. தூரத்து உறவான இரண்டு பாக்டீரியாக்களை எடுத்துப் பார்த்தால் அநேகமாக எதுவும் பழைய இடத்தில் இருக்காது. அப்படியிருந்தும் குறிப்பிட்ட சில மரபணுக்கள் மட்டும் பல குலங்களிலும் ஒன்றை ஒன்று விடாமல் ஒட்டிக்கொண்டிருக்குமானால், அது தற்செயல் ஆகாது. அவை ஒன்றாகச் சேர்ந்து பிழைக்கின்றன என்று அர்த்தம். இன்னொரு வழி மொய் நோட்டைப் பார்ப்பது. நூறு கல்யாண வீட்டு மொய் நோட்டுக்களை எடுத்து வைத்துக்கொண்டால், எந்த இரண்டு பெயர் எப்போதும் சேர்ந்தே வருகின்றன, ஒன்று வராத வீட்டில் மற்றதும் வராமல் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். 1990-களின் கடைசியில் இந்த மாதிரி யுக்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. நான் அவற்றை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஒரு மனிதனை நேரே காட்டாமல் அவன் சகவாசத்தை வைத்தே காட்டுவது நாவலாசிரியனின் குலத்தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வித்தையில் பெரிய பெயர் யூஜின் கூனின். மாஸ்கோவில் பிறந்து, 1991-இல் அமெரிக்கா போய், பெதஸ்டாவிலுள்ள தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்றில் சேர்ந்தவர். அவருடைய குழுவைச் சேர்ந்தவர் கீரா மாகரோவா என்ற அம்மாள். 2002-இல் இவர்கள் ஐந்து பேராக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரவிந்த் என்ற நம் நாட்டுப் பெயர் ஒன்றும் அந்த ஐந்தில் இருக்கிறது.

அவர்கள் கண்டது இது. தண்ணீர் கொதிக்கும் நிலைக்குப் பக்கத்தில், வெந்நீர் ஊற்றுக்களிலும் எரிமலை ஓரங்களிலும் வாழ்கிற நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றின் சுவடிகளை ஒத்துப் பார்த்தபோது, இருபதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் கும்பலாகக் குடியிருக்கும் ஒரு பேட்டை தென்பட்டது. ஒருவரும் அதுவரை கவனிக்காத பேட்டை. அங்கே குடியிருந்தவர்களில் சிலருக்கு ஜாடை இருந்தது. ஒருவர் ஹெலிகேஸ் வம்சம்: டி.என்.ஏ.யின் இரட்டைப் புரியைப் பிரிக்கிறவர். சிலர் நியூக்ளியேஸ் வம்சம்: வெட்டுகிறவர்கள். ஒருவர் பாலிமரேஸ் சாயல்: எழுத்துக்களைக் கோக்கிறவர். பிரிக்க ஒருவர், வெட்டச் சிலர், கோக்க ஒருவர். கத்தரிக்கோலும் ஊசியும் நூலும் ஒரு வீட்டுக்குள் போவதைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அங்கே தையல்காரர் இருக்கிறார் என்றுதானே? அதுவும் கந்தல் அதிகமாகிற ஊரில்! அதிக உஷ்ணத்தில் டி.என்.ஏ. சுலபமாகச் சிதையும். அதைப் பழுதுபார்க்க வெந்நீர்வாசிகளிடம் தனி ஏற்பாடு இருக்கத்தான் வேண்டும். ஆகவே இது பழுதுபார்க்கும் பட்டறை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். எந்த வம்சம் என்றே தெரியாமல் அங்கே மண்டிக்கிடந்த ஒரு ஜாதிப் புரதங்களுக்கு, "ரிப்பேருடன் சம்பந்தப்பட்ட மர்மப் புரதங்கள்" என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து, முதலெழுத்துக்களைச் சேர்த்து "ராம்ப்" என்று சுருக்கினார்கள்.

அழகான ஊகம். நானாக இருந்தால் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு காபி சாப்பிட்டிருப்பேன். ஆனால் பேட்டைக்குப் பக்கத்தில், புரதம் எதற்கும் குறிப்பாக இல்லாத, வெறும் திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்களால் ஆன ஒரு துண்டு நிலம் கிடந்தது. அது அவர்களுடைய கணக்கில் சேரவில்லை.

அந்தத் துண்டு நிலத்துக்குத் தனியாக ஒரு சரித்திரம் இருந்தது. அதற்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1987-இல் ஜப்பானில், ஒஸாகா சர்வகலாசாலையில் இஷினோ என்ற இளைஞரும் அவருடைய தோழர்களும் ஈ. கோலையின் ஒரு மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு விசித்திரம்: 29 எழுத்துக் கொண்ட ஒரே தொடர் ஐந்து தடவை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் நடுவே 32 எழுத்து இடைவெளி, இடைவெளியிலுள்ள துண்டுகள் மட்டும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. பல்லவி திரும்பத் திரும்ப வந்து, சரணம் மட்டும் மாறுகிற பாட்டைப் போல. இதற்கு அர்த்தம் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அதை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஸ்பெயின் தேசத்துக்காரர். பிரான்சிஸ்கோ மொஹிகா என்று பெயர். மத்தியதரைக் கடலோரம் அலிகாந்தே சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். பக்கத்தில் சாந்தா போலா என்ற ஊரில் உப்பளங்கள் உண்டு. அந்தக் காரமான உப்பு நீரில், வேறு எதுவும் பிழைக்காத இடத்தில், சுகமாக வாழும் ஒரு நுண்ணுயிரை ஆராய்வது அவருக்கு இட்ட வேலை. கண்டிப்பாகப் பார்த்தால் அது பாக்டீரியா இல்லை. ஆர்க்கியா என்ற வேறொரு குலம். உருவில் ஒத்திருந்தாலும் வம்சம் வேறு. அதன் டி.என்.ஏ.யிலும் அதே பாட்டு! 30 எழுத்துப் பல்லவி, சுமார் 36 எழுத்துச் சரணங்கள். 1993-இல் இதை எழுதினார். ஈ. கோலைக்கும் இந்த உப்பளவாசிக்கும் உறவு நினைத்துப் பார்க்க முடியாத தூரம். அவ்வளவு தூரத்தில் இருக்கிற இரண்டு குலமும் ஒரே பாட்டைப் பாடுமானால் அதற்குக் காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று அவர் பிடித்துக்கொண்டார். உயிர் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.யைப் பங்கு போட இது உதவுகிறதோ என்று 1995-இல் ஓர் ஊகமும் சொன்னார். அதுவும் தப்பு. தப்பானவர்களின் பட்டியலில் அவரையும் சேர்க்கலாம்.

பணமும் ஆளும் குறைவான இடத்தில் இருந்ததால், மொஹிகா செய்ய முடிந்தது ஒப்பிடுவது ஒன்றுதான். அதைச் செய்துகொண்டே இருந்தார். 2000-க்குள் இருபது நுண்ணுயிர்களில் இந்தப் பாட்டைக் கண்டுவிட்டார். ஹாலந்தில் ரூட் யான்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் இதே விஷயத்தில் இருந்தார்கள். இருவரும் கலந்து பேசி "கிரிஸ்பர்" என்ற பெயரை நிச்சயித்தார்கள். அந்தச் சுருக்கத்தில் ஓர் எழுத்து, முன்னும் பின்னும் ஒன்றுபோல் வாசிப்பதைக் குறிக்கும். நம் "விகடகவி" மாதிரி. பல்லவி வரும் சுவடிகளில் எல்லாம் அதற்குப் பக்கத்தில் குறிப்பிட்ட சில மரபணுக்கள் தவறாமல் இருக்கின்றன, பல்லவி இல்லாத சுவடியில் அவையும் இல்லை என்று யான்சன் குழு கண்டு வெளியிட்டது. மொய் நோட்டு வித்தைதான்! அந்த மரபணுக்களுக்கு "காஸ்" என்று பெயர் வைத்து ஒன்று முதல் நாலு வரை எண் கொடுத்தார்கள்.

இது நடந்ததும் 2002-இல்தான். காஸ் மரபணுக்களும் பெதஸ்டாக்காரர்கள் கண்ட பட்டறை மரபணுக்களும் ஒன்றேதான்! ஒரு மதிலின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்றுகொண்டு, ஒரே வீட்டைப் பற்றித் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் குடித்தனக்காரர்களின் வம்சாவளி இருந்தது. மற்றவரிடம் தோட்டத்தின் வரைபடம் இருந்தது.

2003 ஆகஸ்டு. சாந்தா போலாக் கடற்கரையில் கோடை விடுமுறை. வெயில் தாங்காமல் மொஹிகா அலிகாந்தேயிலுள்ள தம் அறைக்குப் போய்க் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்தார். பல்லவியை எத்தனை வருஷமாகப் பார்த்தாயிற்று! ஒரு மாறுதலுக்கு அவர் சரணங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு இடைத்துண்டாக வெட்டி, பிளாஸ்ட் பாட்டியிடம் கொடுத்து, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே போனார். அதற்கு முன்பும் கேட்டுப் பார்த்ததுண்டு, பதில் வந்ததில்லை. ஆனால் மற்றவர்கள் படித்துச் சேர்க்கும் வரிசைகள் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தன. பாட்டிக்குத் தெரிந்தவர்களின் தொகையும் கூடிவிட்டது. ஈ. கோலையின் ஒரு துண்டுக்குப் பதில் வந்தது: பி-1 என்ற வைரஸ்.

பாக்டீரியாவுக்கும் வைரஸ் நோய் உண்டு. வைரஸ் அதற்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்கச் செய்யும். பி-1 ஈ. கோலையைத் தாக்குகிற வைரஸ். ஆனால் இந்தத் துண்டு யாரிடம் இருந்ததோ, அந்த ஈ. கோலைக் குடும்பத்தை மட்டும் பி-1 ஒன்றும் செய்ய முடியாது என்று ஏற்கெனவே பதிவாகியிருந்தது.

மொஹிகா ஒன்றோடு நிற்கவில்லை. 4,500 துண்டுகளைத் துழாவினார். 88 துண்டுகளுக்குத்தான் ஜாடை கிடைத்தது. அந்த 88-இலும் மூன்றில் இரண்டு பங்கு, அந்தந்த நுண்ணுயிரைத் தாக்கும் வைரஸ்களையோ அவை போன்ற ஊடுருவல்காரர்களையோ சேர்ந்தவை. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் கேடிகளின் படத்தை வரிசையாக மாட்டி வைப்பார்களே, அந்த மாதிரி பாக்டீரியாக்கள் தங்களைத் தாக்கிய எதிரிகளின் துண்டை வெட்டி, அழகாகச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கின்றன! பல்லவி என்று நினைத்தது படத்தின் சட்டம். மீண்டும் அதே முகம் வாசலில் வந்தால் அடையாளம் கண்டு விரட்டுவதற்கு. ஒரே செல்லால் ஆன அற்ப உயிருக்கு இப்படி ஒரு ஞாபகசக்தி இருக்கும் என்றும், அது அந்த ஞாபகத்தைத் தன் சந்ததிக்கு ஆஸ்தியாக எழுதி வைக்கும் என்றும் அதற்கு முன் யாரும் நினைத்ததில்லை.

கட்டுரையை எழுதி அனுப்பினார். ஒரு பெரிய சஞ்சிகை திருப்பி அனுப்பியது. இன்னொன்றும் திருப்பியது. புதுமை போதாது, முக்கியத்துவம் போதாது என்று காரணங்கள். நாலு சஞ்சிகைகள் இப்படிக் கதவைச் சாத்தின. கையெழுத்துப் பிரதி திரும்பி வருகிற வேதனையை எழுத்தாளர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் நமக்குக் கதைதான் திரும்பி வரும். வேறொருவர் அதே கதையை எழுதிவிடுவார் என்ற பயம் இல்லை. மொஹிகாவுக்கு அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. பயம் வீண் போகவில்லை. 1960-களில் வியட்நாமில் பரவிய பிளேக் நோயின் பாக்டீரியாக்களை வைத்து, பிரான்ஸில் வெர்ன்யோவும் பூர்செல் அம்மாளும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய கட்டுரையும் இதே மாதிரி வாசல் வாசலாகப் போய் வந்ததாம். பிரான்ஸிலேயே போலோடின் என்பவர் தயிர்ப் பாக்டீரியாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்திருந்தார். கடைசியில் 2005 பிப்ரவரியில் மொஹிகாவின் கட்டுரை அச்சேறியது. மற்ற இரண்டும் அதே ஆண்டில் வந்தன.

இப்போது பெதஸ்டாவுக்குத் திரும்புவோம். பட்டறை என்று பகிரங்கமாக எழுதியவர்கள் இந்தக் கட்டுரைகளைப் படித்தார்கள். பெரிய மனிதர்கள் தப்புச் செய்தால் வழக்கமாக என்ன நடக்கும்? "நாம் சொன்னதும் ஒரு விதத்தில் சரிதான்" என்று மழுப்பலாம். மௌனமாக இருந்தால் உலகமும் மறந்துவிடும். மாகரோவாவும் கூனினும் 2006-இல் நீண்ட கட்டுரை ஒன்று எழுதி, பழைய தீர்ப்பை ரத்து செய்தார்கள். இது பட்டறை இல்லை, காவல் நிலையம் என்றார்கள். அத்தோடு விடாமல், கையிலிருந்த வம்சாவளியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புரதத்துக்கும் காவல் நிலையத்தில் என்ன உத்தியோகம் இருக்கக்கூடும் என்று பட்டியல் போட்டார்கள். எதிரியின் துண்டை வெட்டிச் சுவடியில் சேர்ப்பது காஸ்-1 என்றார்கள். துண்டு நிலம் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ.யாகப் பிரதி எடுக்கப்பட்டு, துண்டு துண்டாகி, எதிரியின் ஆர்.என்.ஏ.யோடு ஒட்டி அதை அழிக்கும் என்றார்கள்.

எனக்கு இந்தக் கட்டுரை ரொம்பப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். ஒரு தடவை சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கமே போகாது. இவர்கள் தப்பை ஒப்புக்கொண்ட அதே மூச்சில், முன்னைவிடத் துணிச்சலாக ஊகித்தார்கள்.

ஊகங்களைச் சோதித்தது யார் தெரியுமா? தயிர்க்காரர்கள். தயிர், பாலாடைக்கட்டி முதலியவற்றுக்கு உறை பாக்டீரியா தயாரித்து விற்கிற டானிஸ்கோ என்ற கம்பெனி அப்போது டென்மார்க்கில் இருந்தது. வைரஸ் புகுந்தால் உறை கெட்டு, பால் வீணாகும். ஆகவே அவர்களுக்கு இது வயிற்றுப் பிரச்னை. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களான பாரங்கூவும் ஓர்வாத்தும், கனடாவிலிருந்த மொயினோவோடு சேர்ந்து, தயிர்ப் பாக்டீரியாமீது வைரஸை ஏவிவிட்டார்கள். பெரும்பாலும் செத்தன. பிழைத்தவற்றின் சுவடியைப் பிரித்துப் பார்த்தால், வரிசையில் புதிதாக ஒரு துண்டு மாட்டியிருக்கிறது. அந்த வைரஸின் துண்டு! அந்தத் துண்டை எடுத்துவிட்டால் எதிர்ப்பு போய்விடுகிறது, புகுத்தினால் வந்துவிடுகிறது. காஸ் மரபணு ஒன்றைக் கெடுத்தால், படம் மாட்டியிருந்தும் பயனில்லை. காவல்காரன் இல்லாத ஸ்டேஷன் ஆகிவிடுகிறது. 2007-இல் இது வெளியானதும் வழக்கு முடிந்தது.

ஆனால் சில்லறைக் கணக்குகள் பாக்கி இருந்தன. அவைதாம் வேடிக்கை. 2008-இல் சிகாகோ பக்கத்தில் மரஃபீனியும் சோந்தைமரும் ஒரு பாக்டீரியாவில் சோதித்து, அழிக்கப்படுவது எதிரியின் டி.என்.ஏ. என்று காட்டினார்கள். ஆகவே ஆர்.என்.ஏ. என்று சொன்ன பெதஸ்டாக்காரர்கள் மறுபடியும் தப்பு! சரி, அவ்வளவுதான் என்று எண்ணுவதற்குள், 2009-இல் ஜார்ஜியா மாகாணத்திலிருந்து வேறொரு செய்தி. பைரோகாக்கஸ் என்ற வெந்நீர்வாசியில், அழிக்கப்படுவது ஆர்.என்.ஏ.யேதான். அந்த வேலையைச் செய்கிற கூட்டத்தில் முக்கியமானவை எவை? 2002-இல் மர்மப் புரதங்கள் என்று பெயர் வாங்கினவே, அந்த ராம்ப் ஜாதிதான். காவல் நிலையங்களில் பல வகை உண்டு, ஒன்று டி.என்.ஏ.யைப் பிடிக்கும், ஒன்று ஆர்.என்.ஏ.யைப் பிடிக்கும் என்று தெரிந்தது. துண்டை எடுத்து மாட்டுவது காஸ்-1 என்ற ஊகமும் 2012-இல் இஸ்ரேலில் நடந்த சோதனையில், காஸ்-2 என்ற கூட்டாளியோடு, ருசுவாயிற்று.

இன்னும் ஒன்று. அந்தப் பாலிமரேஸ் சாயல் உள்ளவர் என்ன ஆனார்? ஊசியும் நூலும் என்று நாம் நினைத்தவர். அவர் டி.என்.ஏ.யைக் கோப்பதே இல்லை. 2017-இல் லித்துவேனியாவிலும் சுவிட்ஜர்லாந்திலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்: எதிரி அகப்பட்டதும் அவர் சிறுசிறு மூலக்கூறுகளைக் கோத்து வளையம் வளையமாகச் செய்கிறார்; அந்த வளையங்கள் செல் முழுவதும் அபாயமணி அடிக்கின்றன. கோப்பது உண்மை. வம்சமும் உண்மை. கோத்தது துணியை அல்ல, மணியை. நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த "ஏதோ" இதுதான்.

வெந்நீர்வாசிகள் விஷயத்திலும் பெதஸ்டாக்காரர்கள் முழுக்க ஏமாறவில்லை. இந்த ஏற்பாடு பாக்டீரியாக்களில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் உண்டு. உஷ்ணப் பிரதேசவாசிகளிடம் அதைவிட மிக அதிகம். முதலில் படிக்கப்பட்ட சுவடிகளில் வெந்நீர்வாசிகளின் சுவடிகள் பல இருந்தன. வெந்நீரில் எப்போது பார்த்தாலும் இது இருக்கிறதே, அப்படியானால் வெந்நீருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயற்கை.

பிறகு நடந்தது ஊரறிந்த சமாசாரம். தயிர்க்காரர்கள் கெடுத்துப் பார்த்த அந்தக் காவல்காரப் புரதத்துக்குப் பின்னால் காஸ்-9 என்று பெயர் வந்தது. அதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டும் கத்தரிக்கோலாகப் பழக்கலாம் என்று ஷார்பாந்தியே, டௌட்னா என்ற இரண்டு பெண்மணிகள் 2012-இல் காட்டி, 2020-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். 2023-இல் பிறவி ரத்த நோய் ஒன்றுக்கு இந்தக் கத்தரியால் செய்யப்படும் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. இதையெல்லாம் பற்றிப் புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்கள் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். "ரிப்பேருடன் சம்பந்தப்பட்ட மர்மப் புரதங்கள்" என்று வைத்த பெயர் இருந்ததல்லவா? ரிப்பேர் பொய்யாகிவிட்ட பிறகு அந்தப் பெயரை என்ன செய்வது? மாகரோவாவும் கூனினும் 2006 கட்டுரையில் "ரிப்பேர்" என்பதை அடித்துவிட்டு "ரிபீட்" என்று போட்டார்கள். திரும்பத் திரும்ப வருகிற அந்தப் பல்லவியைக் குறிக்க. முதலெழுத்து மாறவில்லை. ராம்ப் ராம்பாகவே நின்றது. கடைப் பலகையில் ஒரு வார்த்தையை மட்டும் சுண்ணாம்பு பூசித் திருத்தி எழுதிக்கொண்டது போல. பார்க்கத் தெரிந்தவனுக்குப் பழைய எழுத்து அடியில் மங்கலாகத் தெரியும்.

இதற்குள் காஸ் மரபணுக்களுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்து ஒரே குழப்பமாகிவிட்டிருந்தது. 2011-இல் அந்தத் துறைக்காரர்கள் ஒன்றுகூடி, வகை பிரித்து, எல்லோருக்கும் பொதுவான பெயர்களை நிச்சயித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காஸ்-9 என்ற பெயர் நிலைபெற்றது அதில்தான். அதன் ஆசிரியர் பட்டியலைப் பார்த்தேன். பாரங்கூ, ஓர்வாத், மொயினோ, ஷார்பாந்தியே எல்லோரும் இருக்கிறார்கள். முதல் பெயர் மாகரோவா. கடைசிப் பெயர் கூனின். நடுவில், அலிகாந்தேயிலிருந்து, மொஹிகா.